எவரிஸ்தோவின் கழுத்து

எவரிஸ்தோவின் கழுத்தை எந்த இடத்தில் வெட்டுவது என்று ஒலாயா மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தாள். காதுக்குக் கீழே வெட்டினால் சீக்கிரம் முடிந்துவிடும். சீக்கிரம் முடிவதில் அவளுக்கு விருப்பமில்லை.

"தோள்கிட்ட வெட்டலாம். துடிக்கிறதுக்கு இடம் இருக்கும்."

"இந்த மனுஷனை விட்டுடேன், ஒலாயா," என்றான் அபுந்தியோ. அவன்தான் எவரிஸ்தோவின் கால்களைப் பிடித்திருந்தான்.

"விடறதா? ஒன்பது வருஷமா இதுக்காகத்தான் மூச்சு விடறேன்."

மேசைமேல் கிடந்த எவரிஸ்தோ ஒரு முழ உயரம் இருந்தார். கம்பியும் ரப்பர் தோலுமாகச் செய்த பொம்மை. தொங்கு மீசை, புருவத்தின் மேல் மரு, எல்லாம் பத்திரிகையில் வாராவாரம் வரும் அவர் படத்தில் உள்ளபடியே இருந்தன. ஒலாயாவின் புதுப்படத்தில், கதை சொல்கிறவர்களின் நாக்கைத் தின்னும் பூதம் அவர்தான்.

மெக்சிகோவின் குவாடலஹாரா நகரத்தில், சினிமா விமர்சகர் எவரிஸ்தோ ஒரு சொல் சொன்னால் தியேட்டர் நிரம்பும். இன்னொரு சொல் சொன்னால் காலியாகும். இம்மி இம்மியாகப் பொம்மையை நகர்த்தி ஒலாயா ஆறு வருடம் எடுத்த முதல் படம், அவர் பெயரில் வந்த விமர்சனத்தால் நாலே நாளில் தூக்கப்பட்டது. பட்டறையை மூடினாள். பற்பசை விளம்பரத்துக்குச் சிரிக்கும் பற்கள் செய்து காலம் தள்ளினாள். கூட இருந்த பதினொரு பேரில் அபுந்தியோ மட்டும் போகவில்லை. வேறு இடத்தில் கூப்பிட்டும் போகவில்லை.

"இருட்டுக் கதைன்னா ஒரு பொட்டு வெளிச்சம் கூடாது, பாக்கறவன் தூங்கவே கூடாதுன்னு என்கூட மல்லுக்கு நின்னவன் நீ," என்றாள். "பூதத்துக்கும் ஒரு காயம் இருக்கணும், அதுவும் அழணும்னு நான் சொன்னா சிரிப்பே. உனக்கா இப்ப இரக்கம்?"

"முதல் படத்துல, நாலு மாசம் நான் எடுத்த ஆத்துக் காட்சிய ஒரு நிமிஷத்துல வெட்டிப் போட்டவ நீ. ஒரு கழுத்துக்கு மூணு நாளா?" அபுந்தியோ சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

தோளருகே வெட்டினாள். அந்தத் தலை கீழே உருண்டு விழ, இருநூற்றுப் பதினாறு தடவை கேமராவைச் சொடுக்கினார்கள்.

படம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சியாக வெளியானது. எவரிஸ்தோவுக்கு ஒலாயா தானே அழைப்பு எழுதி, முன்வரிசை நடுவில் இடமும் போட்டு வைத்திருந்தாள்.

"நான் வரலை. நேத்து தள்ளுவண்டியில வாங்கித் தின்ன, மிளகாச்சாத்துல ஊறின ரொட்டி ஒத்துக்கல," என்று வயிற்றைப் பிடித்தான் அபுந்தியோ.

"செத்தாலும் இன்னைக்கு என் பக்கத்துலதான் சாகணும். கிளம்பு."

பூதம் திரையில் வந்ததும் அரங்கம் கிசுகிசுத்தது. அப்புறம் சிரித்தது. தலை உருண்டபோது எழுந்து நின்று கைதட்டியது. ஒலாயா திரையைப் பார்க்கவேயில்லை. முன்வரிசையில் அசையாமல் இருந்த நரைத்த தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவளுக்கு நன்றாகப் பசித்தது.

படம் முடிந்து வெளிக்கூடத்தில் நின்றவளிடம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு எவரிஸ்தோ வந்தார். பொம்மையைவிட மெலிந்திருந்தார்.

"என் மூக்கு நெஜமாவே அவ்வளவு பெரிசாம்மா?"

"கொஞ்சம் குறைச்சுத்தான் பண்ணேன்."

"நல்ல படம். அந்தப் பூதம் சாகறப்ப எனக்கே பாவமா இருந்துச்சு. யாரைப் பாத்துப் பயந்தோமோ அவனுக்காகவே கடைசியில மனசு கரையணும். இருட்டுக் கதைன்னா அதாம்மா." அவர் குரலில் கோபமே இல்லை. "ஆனா ஒண்ணுதான் புரியல. நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?"

ஒலாயாவுக்குக் காது சுட்டது. மறந்தே போய்விட்டாரா! கைப்பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்தாள். மடித்து மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. சுற்றி நின்றவர்கள் காதில் விழட்டும் என்று உரக்கப் படித்தாள்.

"'இருட்டைக் கண்டு நடுங்குகிறவர் இருட்டுக் கதை எடுக்க வந்திருக்கிறார். தாயே தன் பிள்ளையை ஆற்றுக்குக் கொடுக்கும் காட்சியை வெட்டி எறிந்த கை, தொட்டிலாட்டத்தான் லாயக்கு.'"

படித்த வேகத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. "இது வந்த அன்னைக்கு எல்லாம் போச்சு. பத்துப் பேர் என்னை விட்டுப் போனாங்க." தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற அபுந்தியோவின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "இவன் ஒருத்தன்தான் கூட நின்னான். இவன் முகத்தைப் பாத்துக் கேளுங்க, 'நான் என்ன பண்ணேன்'னு!"

எவரிஸ்தோ துண்டை வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் தேதியைப் பார்த்தார். நிமிர்ந்து அபுந்தியோவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஒலாயாவின் பிடிக்குள் இருந்த கையை அபுந்தியோ உருவப் பார்த்தான்.

"இது வந்த மாசம் முழுக்க நான் ஆஸ்பத்திரில கிடந்தேம்மா. வயித்தைக் கிழிச்சுத் தச்சிருந்தாங்க. உங்க முதல் படத்தை நான் பாக்கவே இல்லை."

"உங்க பேர் போட்டிருக்கே!"

"என் பேர்தான். அந்த வாரம் விமர்சனம் வராம நிக்கக் கூடாதேன்னு, நான் எழுதித் தரேன்னு ஒருத்தர் ஆஸ்பத்திரிக்கே வந்து கேட்டாரு. சினிமால வேலை செய்யற ஆளு, நல்லாத்தான் எழுதுவாருன்னு நானும் சரின்னுட்டேன்."

"யாரு?"

எவரிஸ்தோ துண்டை மடித்தார். அதை ஒலாயாவிடம் தராமல் அபுந்தியோவிடம் நீட்டினார்.

"இவருதாம்மா."