கட்டைவிரல்

கடலில் ஆட்கள் உட்கார்ந்து சவாரி போகும் வாழைப்பழ வடிவ ரப்பர் படகை இழுத்துச் செல்லும் மோட்டார் படகுக்காரர், கரை நெருங்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். யாராவது கட்டைவிரலை உயர்த்தினால் சட்டென்று வளைத்து எல்லோரையும் தண்ணீரில் கவிழ்த்துவிடுவார்.

“கவுக்க மாட்டாங்கல்லப்பா?” ரப்பர் படகில் அப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ரோஸ்லின் மறுபடியும் கேட்டாள்.

“மாட்டாங்கடா. அப்பா இருக்கேன்ல” என்றபடியே சகாயராஜ் மகளின் தலைக்குமேல் விரலை உயர்த்தினான். அவனைப் பார்த்துச் சிரிக்கத் திரும்பியவள் அதைப் பார்த்துவிட்டாள். படகு கவிழ்ந்தது.

எல்லோரும் சிரித்துக்கொண்டே மேலே வந்தார்கள். ரோஸ்லின் அழவில்லை. அப்பா நீட்டிய கையையும் பிடிக்கவில்லை.

கரையில் படகுக்காரர் லைஃப் ஜாக்கெட்டுகளை வாங்கிக்கொண்டிருந்தார். “கழட்டிக் குடு பாப்பா, கரைக்குத்தான் வந்தாச்சே.”

அவள் கொக்கியை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

“வீட்டுக்கு அப்பாகூட பைக்ல போகணும், அங்கிள்.”