படம் துணைக்குத்தான்

"குரல்தான் முதல், படம் துணைக்குத்தான்" என்று கம்பனிகளில் பேச்சுப் பயிற்சி கொடுத்துவந்த தில்லைநாதன், வெள்ளவத்தை ஃபிளாட்டில் மனைவி நேசமலருக்கு லப்டொப்பில் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு படத்துக்கு ஒரு விசயம்தான். இது என்னெண்டு சொல்லும்?"

"தண்ணி வேணும்."

"இது?"

"நெஞ்சு நோகுது."

"கெட்டிக்காரி!"

அடுத்து அவளுடைய படமே வந்தது.

"இது நானெல்லே?"

"ஓம். பக்கத்தில வந்து இரும் எண்டு அர்த்தம்."

நேசமலர் லப்டொப்பை மூடினாள். புற்றுநோய் பிடித்த அவருடைய குரல்வளையை நாளைக் காலை ஒபரேசனில் எடுத்துவிடுவார்கள்.

"படம் காட்டினது போதுமப்பா. என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ."

"நேசம்" என்றார் அவர்.

அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

"இன்னொருக்கா."