ஒரு ராடு எரியும் நேரம்

பதினேழு நாளுக்குப் பிறகு அன்றுதான் அவள் வீட்டுப் படி இறங்கினாள்.

நேராக வெல்டிங் மிஷின் விற்கும் கடைக்கு வந்தாள்.

"யாருக்குங்க அம்மிணி?" என்றார் கடைக்காரர்.

"எனக்குத்தான். வீட்டிலயே கத்துக்கலாம்னு."

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்கு நன்றி சொல்லலாம் போலிருந்தது.

மேலே தொங்கிய ஹெல்மெட்டை முதலில் கேட்டாள். கறுப்பு. மாட்டியதும் கழுத்துவரை இறங்கியது.

உள்ளே இருட்டு. தன் மூச்சு மட்டும் கேட்டது.

இதற்குள் முகம் என்ன ஆனாலும் வெளியே தெரியாது.

"எல்லாரும் மிஷினத்தான் மொதல்ல பாப்பாங்க. இதை நான் தலையில கட்டினாலும் வேண்டாம்பாங்க. நீங்க தலைகீழா வர்றீங்க."

கழற்ற மனமில்லாமல் கழற்றினாள்.

தரையில் கிடந்த பெரிய மிஷினைக் காலால் ஒதுக்கினார். "இது ஆகாதுங்க. நீங்க பத்த வெச்சா தெருவுக்கே லைட்டு மங்கும். மொத மிஷினுக்கு இந்தச் சின்னதே தாராளம். மூணு கிலோதான். தூக்கிப் பாருங்க."

ஒரு கையை அடியில் கொடுத்து, மறு கையால் அணைத்துத் தூக்கினாள்.

உடனே கீழே வைத்துவிட்டாள்.

"என்ன பண்ணப் போறீங்க?"

"பைப்பு இருக்கு. நாலு காலு, மேல ஒரு குறுக்குப் பைப்பு. அறுத்து வெச்சது."

எதற்காக அறுத்தது என்று அவர் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக்காரன் வருவான். அவள் கணவன் அந்தப் பைப்புகளைக் கொல்லையிலிருந்து எடுத்து வந்து வாசலில் சாய்த்து வைத்துவிட்டான். கண்ணில் படாமல் போனால் அவளுக்கு நல்லது என்று நினைக்கிறான்.

அதற்குள் அவற்றை வேறு ஏதாவதாக ஆக்கிவிட வேண்டும். துணி காயப்போடும் ஸ்டாண்ட். செருப்பு வைக்கும் தட்டு. எதுவாக இருந்தால் என்ன? வீட்டில் இருக்கும்.

"பைப்பு மெலிசு. கரண்ட்டைக் கூட்டினா ஓட்டை விழுந்துரும். எடுத்த எடுப்புல பைப்புக்குப் போகாதீங்க. ஒரு பத்து நாள் தகட்டுல கோடு போட்டுப் பழகோணும்."

அவளுக்கு ஞாயிறுவரைதான் இருந்தது.

பக்கத்துக் கடையில் ஒரு குழந்தை வீறிட்டது.

துப்பட்டாவை இழுத்து, இரு கைகளையும் மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"குளுருதுங்களா? ஃபேனைக் கொறைக்கட்டுமா?"

ஆமாம் என்று தலையாட்டினாள்.

"ஒருக்கா ஓட்டிக் காட்டறேன். ஹெல்மெட்டைப் போட்டுக்குங்க. வெறும் கண்ணுல பாக்கக் கூடாது." ஹெல்மெட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

அவர் தன் கறுப்புக் கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்தார். மறு கையிலிருந்த வெல்டிங் ராடு தகட்டில் உரசியது. எண்ணெயில் எதையோ போட்டதுபோல் பொரிந்தது.

ஹெல்மெட் அவள் கையிலேயே இருந்தது.

இயற்பியல் படித்தவள். அந்த ஒளி கண்ணை என்ன செய்யும் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறாள்.

பார்த்தாள்.

வெள்ளை. வேறு எதுவும் இல்லை. இத்தனை நாளில் முதல் தடவையாக, கண்ணை மூடினாலும் வரும் அந்தச் சின்ன முகம்கூடத் தெரியவில்லை.

ராடு தீரும்வரை இமைக்காமல் பார்த்தாள்.

அவர் கண்ணாடியை இறக்கினார். அவளைக் கண்டதும் பதறிப்போனார்.

"அய்யோ, என்ன கண்ணு இது! கையில வெச்சுக்கிட்டே..."

அவள் ஹெல்மெட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"ராத்திரி கண்ணுல மண்ணை அள்ளிப் போட்டாப்ல உறுத்தும். பொட்டுத் தூக்கம் வராது."

"வராதுதான்," என்றாள்.

"காலையில மொத வேலையா டாக்டர்கிட்டப் போயிருங்க." கொஞ்சம் தயங்கினார். குரலைத் தணித்துக்கொண்டார். "டாக்டர்கிட்டச் சொன்னா திட்டுவாரு. ஆனா பட்டறையில நாங்க ஒண்ணு பண்ணுவோம். பால் குடுக்கற தாய்கிட்டப் போயி ரெண்டு சொட்டு கேட்டு வாங்கிக் கண்ணுல விட்டுக்குவோம். யாரும் மாட்டேன்னு சொன்னதில்ல. உங்க தெருவுல பச்சப்புள்ளக்காரி யாராச்சும் இருக்காங்களா, அம்மிணி?"

கண்ணிலிருந்து வழிந்தது. வெளிச்சம் பட்டதால் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும்.

ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். கழுத்துவரை இறக்கினாள்.

உள்ளிருந்து குரல் வந்தது.

"பால் எங்கிட்டயே இருக்குதுங்கண்ணா. கொழந்தைதான் இல்ல."