வாயில் நுழையாத பெயர்

"இழுக்காதீங்கோ, பிள்ளை. கால் தானாய் இளகுமட்டும் பிடிச்சுக்கொண்டிருங்கோ."

வெந்நீர்ப் பேசினுக்குள் மகள் ஸக்கியாவின் காலைப் பிடித்திருந்த ருக்கியா சட்டென்று கையைத் தளர்த்தினாள். டொக்டர் சொன்னால் அவளிடம் மறுபேச்சு கிடையாது.

கண்டியில் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்த அந்த ஜூலையில், ருக்கியாவின் கணவர் வேனில் துணிமூட்டைகளுக்குள் மறைத்து தங்கள் ஊரான அக்குறணைக்குக் கூட்டிவந்தவர் பத்மாதேவி. வந்த அன்றே குழந்தையின் விறைத்த முழங்காலையும் உட்பக்கமாய் மடங்கிய மணிக்கட்டையும் தடவிப் பார்த்துவிட்டு, "ஆர்த்ரோகிரைபோசிஸ்" என்றார். பிறவியிலேயே மூட்டுகள் இறுகிப்போகும் அந்த அபூர்வ வருத்தத்தின் பெயரை முன்பு ஒரு பெரிய டொக்டர்தான் சொல்லியிருந்தார். ருக்கியாவின் வாயில் அது இன்றுவரை நுழையவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் பத்மாதேவிக்கு 'டொக்டர்' என்பதே பெயராகிவிட்டது.

"முறிவு வைத்தியன் ஒத்தன் இழுத்து இழுத்து புள்ளைட கால ஒடச்சிட்டான், டொக்டர். இனி டொக்டர்மாரத் தவிர ஒத்தரையும் தொட உடமாட்டேன்" என்று ருக்கியா அழுதபோது, பத்மாதேவி வெந்நீர் கொண்டுவரச் சொன்னார்.

தினமும் மாலையில் ருக்கியாவின் கணவர் கடை பூட்டி வந்ததும் பத்மாதேவி கேட்கும் முதல் கேள்வி ஒன்றேதான்.

"பேராதனைப் பக்கம் ஏதும் தகவல் இருக்கோ, தம்பி?"

"ரோட்டுல துவக்கோட ஆமி நிக்கிது, டொக்டர். ஒண்டும் தெரியல்ல."

பத்மாதேவியின் முகம் செத்துப்போகும். 'பாவம், பேராதனை ஆஸ்பத்திரி நெனப்பு' என்று ருக்கியா இரக்கப்படுவாள்.

இன்று ஊரடங்கைத் தளர்த்திவிட்டார்கள். அகதிகளோடு யாழ்ப்பாணம் போகும் லொறி மத்தியானம் இந்த வழியாக வந்து பத்மாதேவியையும் ஏற்றிக்கொள்ளுமாம். ருக்கியாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"நீங்க போய்ட்டா எனக்கி யாரு சொல்லித் தாற?"

"இனி நீங்கதான் டொக்டர். பலகையைக் கட்டிக் காட்டுங்கோ பாப்பம்."

தேயிலைப் பெட்டிப் பலகையில் பஞ்சு வைத்து ருக்கியா குழந்தையின் காலோடு சேர்த்துக் கட்டினாள். ஸக்கியா அழாமல் பிஸ்கட்டைச் சூப்பிக்கொண்டிருந்தாள்.

"இறுக்கிப்போட்டியள். விரல் ஒண்டு உள்ள போகவேணும். ஓம், இப்ப சரி."

ருக்கியா நிமிர்ந்தாள். இத்தனை நாளும் கேட்கப் பயந்த கேள்வி அது.

"இப்பிடி ஒரு புள்ள நடந்தத நீங்க கண்ணால கண்டீக்கீங்களா, டொக்டர்? மெய்யச் சொல்லுங்க."

"கண்டனான்" என்றார் பத்மாதேவி.

வாசலில் ஹோர்ன் சத்தம் கேட்டது. லொறி நிறையப் பேராதனைக் கம்பஸ் மாணவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குள்ளிருந்து ஒரு பெண், மற்றவர்களைப்போல் குதிக்காமல், லொறிப் பலகையைப் பிடித்து ஒவ்வொரு காலாக இறங்கி, கொஞ்சம் தாங்கித் தாங்கி நடந்து வந்தாள்.

"அம்மா!"

பத்மாதேவி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு கதறினார். தாயின் தோளைச் சுற்றிய அந்தப் பெண்ணின் மணிக்கட்டுகள் இரண்டும், ஸக்கியாவினுடையதைப் போலவே, உட்பக்கமாய் மடங்கியிருந்தன.

பத்மாதேவி ருக்கியாவிடம் திரும்பினார்.

"நான் டொக்டர் இல்லை, ருக்கியா. அரசாங்கக் கச்சேரியில கிளாக். இவளைத் தூக்கிக்கொண்டு டொக்டர்மாரிட்ட அலைஞ்சனான், அவ்வளவுதான்."

ருக்கியா குழந்தையைத் தூக்கிவந்து, அதன் காலைப் பத்மாதேவியின் கையில் வைத்தாள்.

"லொறிய புள்ளைட வாப்பா நிப்பாட்டி வெப்பாரு. இன்னொருக்கா காட்டித் தாங்க, அக்கா."