துண்டுக்கடியில் வெள்ளம்

வெள்ள அபாயத்தை முப்பது வருடம் ஆராய்ந்த பேராசிரியை தில்லையரசி, ஆற்றங்கரையில் இருக்கும் என் மிளகாய் மண்டிக்கு வரைபடங்களோடு வந்தார். மழைக்கு முன்னால் மூட்டைகளை எத்தனை அடி உயர்த்தி அடுக்கினால் என் வருடச் சரக்கு தப்பும் என்பதுதான் பேச்சு.

“படமெல்லாம் எதுக்கு டீச்சரம்மா? கடைசி விலையச் சொல்லுங்க” என்று துண்டை விரித்தேன். எங்கள் சந்தையில் பேரம் துண்டுக்கடியில், விரலைப் பிடித்துத்தான் நடக்கும்.

அவர் கூசாமல் கையை உள்ளே விட்டு என் நான்கு விரல்களைப் பிடித்தார்: நாலடி. நான் இரண்டைப் பிடித்தேன். மறுபடியும் நான்கு. போனால் போகிறதென்று மூன்றுக்கு ஏறினேன். சிரித்துக்கொண்டே ஐந்தையும் பிடித்துவிட்டார்.

“என்னம்மா, கேக்கக் கேக்க ஏத்துறீங்க?”

“நாலுன்னது பழைய ஆத்துக்கு, அண்ணாச்சி. கரையில ஆத்தக் குறுக்கி நீங்க எழுப்புன புதுச் சுவர இப்பத்தான் பாக்குறேன்.”

நாற்பது வருடத்தில் என்னிடம் விலை இறங்காதவர்கள் உண்டு. என் சுவரையே காட்டி ஏற்றியவர் இவர் ஒருவர்தான்.

வெளியே தூறல் தொடங்கியது. துண்டை உருவி, ஐந்தடிக்கு அடையாளமாக ஆணியடித்து மாட்டினேன். பழக்கதோஷம், ஒரு சாண் கீழே அடித்திருந்தேன். அவர் சுத்தியலை எடுத்து மறுபடி என் கையில் வைத்தார்.