துளி பாசி இல்லாமல்

திரையில் கோடு கீழே இறங்கியது.

இருபத்து நான்கு டிகிரித் தண்ணீரில் நத்தைகள் நிறைய முட்டையிட்டன. இருபத்தெட்டில் குறைவு. முப்பத்திரண்டில் கிட்டத்தட்ட இல்லை.

ஆய்வு மாணவி லேசரின் சிவப்புப் புள்ளியைக் கோட்டின் மேல் ஓட்டிக் காட்டினாள். நான்கு வருட உழைப்பு. இந்த வைவா, வாய்மொழித் தேர்வு, முடிந்தால் பெயருக்கு முன்னால் முனைவர்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

“சூடான தொட்டியில நத்தை நல்லா வளர்ந்திருக்கு. ஓடு பெருசாயிருக்கு. அப்புறம் ஏம்மா முட்டை மட்டும் இல்ல?”

அதற்குத்தான் ஓர் அத்தியாயமே எழுதியிருந்தாளே! சூடு உடம்பை வளர்க்கும், வம்சத்தை வளர்க்காது. ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு பாராட்டிய வரி. அப்படியே ஒப்பித்தாள்.

அவர் தலையாட்டவில்லை. ஆய்வேட்டின் முன்பக்கங்களுக்குப் புரட்டினார். நன்றியுரையில் நின்றார்.

“தொட்டிகளைத் துளி பாசி இல்லாமல் வைத்திருந்த பூங்காவனம் அம்மாளுக்கு...” என்று சத்தமாக வாசித்தார். “இவங்க வந்திருக்காங்களா?”

கடைசி வரிசைக்குப் பின்னால் சமோசாத் தட்டோடு நின்ற பூங்காவனம் கையைத் தூக்கினாள். ஆய்வகத்தைக் கூட்டித் துடைப்பவள். இன்றைக்கு, கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கிற பட்டுப்புடவை. காலையில் அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, தன் பெயர் எது என்று கேட்டு, விரலால் தொட்டுப் பார்த்திருந்தாள்.

“எப்படிம்மா சுத்தம் பண்ணுவீங்க?”

“நாரு போட்டுத் தேய்ப்பேன் சார். சூட்டுத் தொட்டிலதான் பச்சையா ஏறிக்கும். அத தெனம் தேய்க்கணும். மத்ததுல பாசியே வராது, நான் கையே வெக்க மாட்டேன்.”

பூங்காவனத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை.

“கண்ணாடில கொழகொழன்னு ஒட்டிக்கினு இருக்கும் சார், வெந்த ஜவ்வரிசியாட்டம். அதையும் நகத்தால சொரண்டி எடுத்துருவேன்.”

தேர்வாளர் கைடைப் பார்த்தார்.

அங்கே இருந்தவர்கள் அத்தனை பேரும் விலங்கியல் படித்தவர்கள். அது நத்தை முட்டை என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பின்னால் ஒருவன் களுக்கென்று சிரித்தான். பூங்காவனமும் சேர்ந்து சிரித்தாள்.

ஐயோ.

ஆய்வு மாணவி சனிக்கிழமைதோறும் மட்டும் வந்து எண்ணினாள். சூட்டுத் தொட்டியில் எண்ண ஒன்றும் இருக்காது. இல்லை என்று எழுதிக்கொண்டு போனாள். ஒரு புதன்கிழமை, ஒரே ஒரு புதன்கிழமை எட்டிப் பார்த்திருக்கலாம். மகாராணிக்கு எங்கே நேரம்!

“தொட்டியைத் தொடக் கூடாதுன்னு நீ சொல்லலையா?” கைடின் குரல் எரிந்தது.

சொன்னாள்தான். முதல் மாதமே சொன்னாள். பாசி இருந்தா என்னால எண்ண முடியலக்கா, ஒரு துளி இருக்கக் கூடாது, தெனம் தேச்சிடுங்க.

நான்தான் தேய்க்கச் சொன்னேன் சார். அவ்வளவுதான். அதைத்தான் சொல்லப் போனாள்.

“சொன்னேன் சார்,” என்றாள். “தொடக் கூடாதுன்னு எத்தனையோ தடவை சொன்னேன்.”

பூங்காவனம் அவளைப் பார்த்தாள்.

கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழந்தை எதையோ கீழே போட்டு உடைத்துவிட்டால் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு தேர்வாளர் பக்கம் திரும்பினாள்.

“ஆமாங்க சார். பாப்பா சொல்லிச்சு. எனக்குத்தான் மறதி.”

தட்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

தீர்ப்பு பத்து நிமிடத்தில் வந்தது. சூட்டுத் தொட்டிகளை மட்டும் மறுபடி வைக்க வேண்டும். ஆறு மாதம். பட்டம் போகவில்லை, தள்ளித்தான் போனது.

“உங்க மேல தப்பு இல்லம்மா,” என்றார் தேர்வாளர் மாணவியிடம்.

ஒவ்வொருவராக வந்து ஆறுதல் சொன்னார்கள். படிக்காதவங்களை நம்பி விட்டா இப்படித்தான் என்றாள் ஒரு தோழி. அதற்கும் தலையாட்டினாள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் தலை ஆடியது.

கைடு கடந்து போகும்போது குனிந்தார்.

“அந்த நன்றி வரியை முதல்ல அடி. மானம் போகுது.”

பேனாவைத் திறந்தாள். ஒரே கோடு. வேகமாக அடித்தாள், யாரும் பார்ப்பதற்குள்.

சமோசா தீர்ந்திருந்தது. கூட்டம் கலைந்தது. பூங்காவனம் நாற்காலி நாற்காலியாகக் காகிதத் தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றாள். அவள் ஆய்வேட்டைச் சட்டென்று மூடி மடியில் கவிழ்த்துக்கொண்டாள்.

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தாள். அதற்குள் பூங்காவனம் முந்திக்கொண்டாள்.

“பாப்பா, எம் பேரு அதுல இருக்கும்ல? மருமவகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.”

“இருக்கும்க்கா.”

“எங்க, காட்டு. இன்னொரு தபா பாத்துக்கறேன்.”

எண்ணெய்க் கையைப் பட்டுப்புடவை என்றும் பார்க்காமல் முந்தானையில் துடைத்துவிட்டு, பூங்காவனம் விரலை நீட்டினாள்.