வெள்ளிக்கிழமைக்கு நீலம்

“நீலம்தானே வாங்கினீங்க? இது பச்சையால்ல வருது!”

துவாங்ஜாய் போட்ட சத்தத்தில் விச்சாயின் கையிலிருந்த பிரஷ் அப்படியே நின்றது. மேசை விளக்கின் துணிக் கூண்டு பத்து வருஷப் பழசு. வெள்ளையாக வாங்கியது, பழுத்துப் பழுத்து மஞ்சளாகிவிட்டிருந்தது. அதில் பாதிக்கு மேல் சாயம் பூசியாகிவிட்டது.

“டப்பாவைப் பாரு. நீலம்னுதான் போட்டிருக்கு.”

“டப்பாவுல நீலம், கூண்டுல பச்சை. கோளாறு என் கண்ணுலயா?”

“காய்ஞ்சா நீலமாயிடும்.”

“ஆமாமா. காய்ஞ்சா உங்க வழுக்கையிலயும் முடி முளைச்சுடும்.”

தலை காயவைக்கும் மிஷினைக் கொண்டுவந்து ஊதிப் பார்த்தாள். காயக் காயப் பச்சை இன்னும் பளிச்சென்று ஆனது.

“உள்ள வரலாமா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்துவிட்டாள் பிரானி அக்கா. லம்பாங் நகருக்கு வேலை மாற்றலாகி, பத்து நாள் முன்புதான் மாடி வீட்டுக்குக் குடிவந்தவள். கையில் வறுத்த வாழைப்பழப் பொட்டலம்.

“நாளைக்கு உங்க பொண்ணு வர்றாளாமே? நூடுல்ஸ் கடைக்காரம்மா சொன்னாங்க. விடுதியிலயா இருந்தா?”

“இத்தனை நாளா அங்கதான்க்கா” என்றான் விச்சாய். “பேரு பிம். ஆறு வயசு.”

“விளக்கு இல்லாட்டி தூங்க மாட்டாளாம்” என்றாள் துவாங்ஜாய். “அதான் தலைமாட்டுல வைக்கலாம்னு. ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு நிறம் இருக்கே, பிறந்த கிழமை நிறத்துல இருந்தா பயப்பட மாட்டா இல்லக்கா? வந்த அன்னிக்கே அழுதான்னா என்னால தாங்க முடியாது.”

“ரொம்ப நல்ல காரியம். என்னைக்குப் பிறந்தா?”

துவாங்ஜாய் கணவனைப் பார்த்தாள். விச்சாய் டப்பாவைப் பார்த்தான்.

“வெள்ளி” என்றாள்.

“வெள்ளியா? ஐயையோ! அப்ப நீலமால்ல இருக்கணும். இது சுத்தப் புதன்கிழமை!”

“அதைத்தான் அரை மணி நேரமா சொல்லிக்கிட்டிருக்கேன் இவர்கிட்ட.”

பிரானி அக்கா கூண்டின் உள்பக்கத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள். “மஞ்சள் மேல நீலத்தைப் பூசினா பச்சை வராம வேற என்ன வரும்? முதல்ல வெள்ளை பூசிக் காயவெச்சிருக்கணும். இதுகூடவா தெரியாது தம்பி?”

“நான் பஸ் ஓட்டறவன்க்கா.”

“பஸ்ஸுக்குப் பெயின்ட் அடிச்சுப் பார்த்ததில்லையா?”

“இன்னொரு தடவை நீலம் பூசிப் பார்க்கட்டுமா?”

பூசினான். பச்சைதான் கெட்டியானது. பிரானி அக்கா உச்சுக்கொட்டினாள். சாயக்கடை ஐந்து மணிக்கே மூடியாயிற்று. நாளைக் காலை எட்டு மணிக்கு இருவரும் கிளம்பியாக வேண்டும்.

துவாங்ஜாய்க்குக் கண் கலங்கிவிட்டது. “ஒரு விளக்குக் கூண்டை ஒழுங்கா பண்ணத் தெரியல. நான் எல்லாம் ஒரு அம்மா!”

“ஏய், அழாதே. பூசினது நான்தானே?” என்ற விச்சாய், என்ன செய்வதென்று தெரியாமல் கூண்டை விளக்கில் மாட்டி சுவிட்சைப் போட்டான்.

சுவரெங்கும் இளம்பச்சை வெளிச்சம் பரவியது. நாற்றங்காலுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

“நல்லாத்தான் இருக்கு” என்றான் விச்சாய்.

துவாங்ஜாய் மூக்கை உறிஞ்சினாள். “ரொம்ப நல்லா இருக்கு.”

“அப்ப புதனாவே இருக்கட்டுமா?”

“எனக்குச் சம்மதம்.”

பிரானி அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ன விளையாட்டு இது? ஒரு கூண்டுக்காகப் பொண்ணு பிறந்த கிழமையை மாத்துவீங்களா? வெள்ளியா, புதனா? அம்மாக்காரி நீ ஒண்ணு சொல்லு!”

துவாங்ஜாய் அலமாரியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தாள். குழந்தைகள் காப்பகத்தில் நாளை கொடுக்க வேண்டிய தத்துப் படிவம். எல்லாம் நிரப்பியிருந்தது. பிறந்த தேதி, கிழமை, நேரம் எழுதுகிற இடம் மட்டும் காலி.

“பஸ் ஸ்டாண்டுல கிடைச்ச குழந்தைக்கா. என்னைக்குப் பிறந்தான்னு யாருக்கும் தெரியாது. நீங்களே ஒரு நல்ல நாளா போட்டுக்குங்கன்னு சொல்லிட்டாங்க. நாளைக்கு வெள்ளியாச்சே, நம்ம வீட்டுக்கு வர்ற கிழமையையே வெச்சுக்கலாம்னு நினைச்சோம்.”

பிரானி அக்கா படிவத்தைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள். பிறகு பேனாவைத் தேடி எடுத்து, மூடியைத் திறந்து அவளிடம் நீட்டினாள்.

“புதன், பகல்னு எழுதுடி. புதன் ராத்திரிக்கு நிறம் கறுப்பு, அப்படி எழுதினா இவன் மறுபடி பூச உட்கார்ந்துடுவான்.”